அலமாரியில் புதிதாய் வந்தவை

தமக்குக் கிடைத்த நல்ல பொருளைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது நற்செயலா, தற்பெருமையா? இவ்வினா மிகப் பழமையானது. பொன்னையும் நிலத்தையும் முன்வைத்து இதனை ஆராய்ந்தவர் பலர். நாம் இங்கு ஒரு சிறிய பொருளை முன்வைத்து ஆராய விரும்புகின்றோம். வீட்டு அலமாரியில் சேர்த்து வைத்திருக்கும் திரைப்படங்களும் தொலைக்காட்சிப் பதிவுகளுமே அப்பொருள். சிறியதில் தெளிந்த நீதி பெரியதிலும் வழிகாட்டும் என்பது நம் உஸ்தாதுமார் கையாண்ட முறை.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை ஆகிய ஊர்களில் உறவினர் வரவு பெருகும். பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்துவிட்டு, ஈரம் உலராத தலையோடு வீடு திரும்பி, உண்டு முடித்த பின்னர் நீண்ட மழை மாலை ஒன்று எஞ்சியிருக்கும். அவ்வேளையில் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து, "சென்ற ஆண்டு நீங்கள் வந்துபோன பின்பு இவையெல்லாம் புதிதாய்ச் சேர்ந்திருக்கின்றன" என்று ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பார். இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. "என்னிடம் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்" என்பது ஒன்று. "வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்பது மற்றொன்று. சொல் ஒன்றேயாயினும் உள்ளங்கள் இரண்டு. இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதே நம் கேள்வி.

எவ்வாறு வந்தன?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒளிபரப்பைத் தொடங்கியது. மேற்கு மலையடிவாரத்து நம் ஊர்களுக்கு அந்நாளில் அதன் அலைகள் எட்டவில்லை. 1976இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். ஒளிநாடாவை வெளியிட்டது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. இதற்கிடையில், சபர் சென்ற நம்மவர்களின் பெட்டிகளில் டெக்கும் கேசட்டுகளும் வந்து இறங்கின. வளைகுடாவிலிருந்து மட்டுமல்ல, சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் அவை வந்தன. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் அதற்கு நெடுங்காலம் முன்பே வேரூன்றியவர்கள். அங்கு 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையே நிறுவியது.

டெக் உள்ள வீடு தெருவுக்கெல்லாம் பொதுக்கூடமாயிற்று. டெக் வாங்க இயலாதவர் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். வாடகையை நான்கு வீட்டார் பகிர்ந்துகொள்ள, விடியும்வரை இரண்டு மூன்று படங்கள் ஓடும். அலமாரிகளில் சேர்ந்தவை பலவகைப்பட்டவை. முஸ்தஃபா அக்காத் அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நடிகர்களைக் கொண்டு 1976இல் எடுத்த 'அர்ரிஸாலா', லிபிய வீரர் உமர் முக்தாரைப் பற்றிப் பின்னர் அவரே எடுத்த படம், 1988இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மிர்ஸா காலிப்', 1990இல் வந்த திப்பு சுல்தான் தொடர் ஆகியவற்றைப் பதிந்து வைத்தோர் உண்டு. இவற்றோடு அக்காள் மகள் நிக்காஹும், தம்பி மகன் கத்னா விருந்தும் கேசட்டாக ஒரே தட்டில் அடுக்கப்பட்டன. பின்னர்க் குறுந்தகடுகள் வந்தன. 2007 முதல் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படத் தகடுகளை மலிவு விலையில் விற்றது. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியதோடு அந்தக் காலம் முடிந்தது. இன்று அலமாரியின் இடத்தில் கையளவு வன்தட்டு ஒன்று இருக்கிறது.

படம் பார்ப்பது ஆகுமா, ஆகாதா என்ற ஆய்வு வேறு. உலமாப் பெருமக்கள் அதில் பலவாறு பேசியுள்ளனர். அதனை இங்கு நாம் எடுக்கவில்லை. மனைவி மக்களோடு அமர்ந்து காணத் தகுந்தவற்றையே ஒருவர் சேர்த்திருக்கின்றார் என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இரு சொற்கள்

அரபியில் இவ்விரு உள்ளங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒன்று 'தஹத்துஸ்', அதாவது இறைவன் அளித்த நிஃமத்தை நன்றியோடு எடுத்துரைத்தல். மற்றொன்று 'தகாஸுர்', அதாவது என்னிடமே அதிகம் என்று போட்டியிட்டுப் பெருக்குதல். திருமறையின் 93ஆம் அத்தியாயம் முன்னதை ஏவி முடிகின்றது. 102ஆம் அத்தியாயம் பின்னதைக் கண்டிக்கின்றது. அதன் பெயரே தகாஸுர்தான். ஆகவே எடுத்துரைத்தல் தன்னளவில் குற்றமன்று; வாய் மூடியிருத்தல் தன்னளவில் பணிவும் அன்று. அலமாரியைப் பூட்டிவிட்டு, "நம்மிடம் என்ன இருக்கிறது" என்று அடக்கமாகப் பேசுபவர், இரவல் கேட்பாரோ என்ற அச்சத்தினால் பேசுபவராகவும் இருக்கலாம்.

அப்படியாயின் வேறுபாட்டை எதனால் அறிவது? நிய்யத் உள்ளத்தில் இருப்பது. அதனை அல்லாஹ் அறிவான். நமக்குப் புலப்படும் அடையாளம் ஒன்றே. "இது புதிதாய் வந்தது" என்று சொன்னவர் அடுத்து என்ன சொல்கின்றார் என்பதுதான் அது. "அமருங்கள், போடுகின்றேன்" என்றோ, "எடுத்துச் சென்று பாருங்கள்" என்றோ சொன்னால் அது நிஃமத்தை எடுத்துரைத்தல். விலையைச் சொல்லி அலமாரியைச் சாத்தினால் அது தகாஸுர். புழங்கு பொருளைக் கொடுக்க மறுப்பவரைக் கண்டித்து 107ஆம் அத்தியாயம் முடிகின்றது. அதன் பெயராகிய 'மாஊன்' என்னும் சொல்லுக்கு விளக்கவுரையாளர்கள் பலர் வாளி, சட்டி, கோடரி போன்ற அன்றாட இரவல் பொருள்களையே எடுத்துக்காட்டினர். பேரறங்களைப் பேசும் இடத்தில் சட்டியும் வாளியும் வந்து நிற்பது சிந்திக்கத்தக்கது. அவ்வரிசையில் ஒரு படத்தகடும் இடம்பெறத் தகும்.

குற்றாலம் கண்ட ஓர் அலமாரி

பகிர்தலைப் பற்றிப் பேசும்பொழுது குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை நினையாதிருக்க இயலாது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலிருந்த அவர் இல்லத்தில் 'வட்டத்தொட்டி' என்னும் அவை கூடிற்று. பிற்காலத்தில் குற்றாலத்து இல்லத்துக்கு இராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினர். அவருடைய சேமிப்பெல்லாம் பாடல்கள். குறிப்பாகக் கம்பனின் பாடல்கள். அவை அச்சில் எவர்க்கும் கிடைப்பவையே. எனினும் அவர் ஒரு செய்யுளை எடுத்து, நிறுத்தி, மீண்டும் சொல்லி, அதன் சுவையை எதிரிலிருப்பவர் நாவில் வைக்கும் வரை விடமாட்டார் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அங்கு சென்றோர் திரும்பும்போது அவருடைய பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை. ஆயினும் வெறுங்கையோடு திரும்பியவர் எவருமில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? புதிதாய் வந்ததைக் காட்டுபவர் அதனைத் தாம் முதலில் துய்த்திருக்க வேண்டும். இருநூறு படங்களைச் சேர்த்து இருபதைக்கூடப் பாராதவர் இன்று பலர் உளர். அவர் பகிர்வது எண்ணிக்கையை. இமாம் கஸ்ஸாலி இளமையில் ஜுர்ஜானிலிருந்து தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கள்வர் அவருடைய பாடக்குறிப்புகளைப் பறித்தனர் என்று ஒரு வரலாறு உண்டு. "என் கல்வி அதில் இருக்கிறது, தாருங்கள்" என்று அவர் கெஞ்ச, "நாங்கள் பறித்துக்கொண்டால் போய்விடும் கல்வி என்ன கல்வி" என்று கள்வர் தலைவன் நகைத்துத் திருப்பிக் கொடுத்தானாம். அதன்பின் மூன்றாண்டுகள் அக்குறிப்புகளை அவர் மனனம் செய்தார் என்பர். கள்வனின் நகைப்பு நம் வன்தட்டுகளின் மீதும் விழத்தக்கது.

இரவலின் ஒழுக்கம்

கொடுப்பவருக்குச் சொன்னதைப் போலவே வாங்குபவருக்கும் சொல்ல வேண்டும். வாங்குபவர் ஒழுக்கம் தவறுவதாலேயே பல அலமாரிகள் பூட்டப்பட்டன. புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவி மெர்வ் நகரில் தங்கியிருந்த காலத்தில், அங்கிருந்த நூலகங்களிலிருந்து இருநூறு நூல்களுக்கு மேல் தம் இருப்பிடத்தில் வைத்திருந்ததாகவும், பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படவில்லை என்றும் நன்றியோடு எழுதி வைத்தார். 1221இல் மங்கோலியர் அந்நகரை அழித்தனர். அந்நூலகங்களின் பெருமையை இன்று நமக்குச் சொல்வது அவற்றில் இரவல் பெற்ற ஒருவரின் நூல்தான். 1333இல் மறைந்த காளி இப்னு ஜமாஆ மாணவர்க்கென எழுதிய நூலில், இரவல் நூலைத் தேவைக்கு மேல் வைத்திருத்தலும், உடையவர் அனுமதியின்றி ஓரத்தில் எழுதுதலும், வேறொருவர் கைக்கு மாற்றுதலும் ஆகா என்று வகுத்துள்ளார்.

இரவலாகிய 'ஆரியத்' பற்றி நம் ஊரில் வழங்கும் இரு மத்ஹபுகளும் நுட்பமாகப் பேசுகின்றன. ஹனஃபி மத்ஹபில் இரவல் பொருள் வாங்கியவர் கையில் அமானத். அவருடைய கவனக்குறைவின்றிக் கெட்டால் ஈடு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த பயன்பாட்டினால் தேய்ந்தாலன்றி, கெட்டதற்கு வாங்கியவர் பொறுப்பு. இக்கருத்து வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. பழுதான டெக்கில் இட்டு நாடாவைச் சிக்கவைத்துவிட்டு, "தானாகவே அறுந்துவிட்டது" என்று திருப்பித் தந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவராயினும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது, அது கவனக்குறைவு.

எல்லாம் நம்முடையதா?

பகிர்தல் நன்று என்றதனால் அலமாரியில் உள்ள அனைத்தும் பகிரத்தக்கன என்று ஆகிவிடாது. இங்குதான் நம் குடும்பங்கள் கவனம் கொள்ள வேண்டிய இடம் இருக்கின்றது. 'அர்ரிஸாலா' தகடும் நிக்காஹ் கேசட்டும் ஒரே தட்டில் இருக்கலாம். ஆனால் அவை ஒரே இனத்தவை அல்ல. நிக்காஹ் கேசட்டில் பெண்கள் பந்தலுக்குள், தம் உறவினர் மட்டுமே காண்பர் என்ற நம்பிக்கையோடு சிரித்தும் பேசியும் இருந்தவர்களின் முகங்கள் இருக்கின்றன. அலமாரி ஒருவருடையதாயினும் அம்முகங்கள் அவருடைய உடைமை அல்ல. அவை அமானத். கேசட்டாக இருந்தவரை தெருவைத் தாண்டிப் போவது அரிதாயிருந்தது. வன்தட்டிலிருந்து கைப்பேசிக்கும், கைப்பேசியிலிருந்து குழுக்களுக்கும் அது செல்ல இன்று ஒரு நொடி போதும். மீட்க எந்தக் காலமும் போதாது. ஆகவே புதிதாய் வந்தவற்றைக் காட்டும் பொழுது, இதில் இருப்பவர் இதனை விரும்புவாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளல் கடமை.

படைத்தவருக்கும் ஒரு ஹக் உண்டு. தகட்டை இரவல் தருவது ஒன்று; அதிலிருந்து நூறு படி எடுத்து விற்பது மற்றொன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தி நம் நாடாளுமன்றம் கள்ளக் கேசட்டுகளுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்டக் கழகமும், நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத்தில் காக்கப்படும் உரிமைகளே என்று தீர்மானித்தது. பிறர் உழைப்பைக் கவர்ந்து தாராளம் காட்டுவது கொடையாகாது.

சாரலும் பூஞ்சையும்

இனி, சேர்த்து வைப்பதே வேண்டாத வேலை என்பாருக்கு ஒரு சொல். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று ஒரு படிகூட எஞ்சவில்லை. இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் பால்கேயின் தொடக்ககாலப் படச்சுருள்களைப் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தின் பி.கே. நாயர் மீட்டது அவர் குடும்பத்தார் வைத்திருந்தவற்றிலிருந்துதான். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார், முன்னாள் நூலகர், 1970களின் இறுதி முதல் 2012இல் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். ஏறத்தாழ 70,000 ஒளிநாடாக்கள்! உயிரோடிருந்தவரை அது வீடு கொள்ளாத சுமை. மறைந்தபின் அவர் மகன் அதனை ஒரு பொதுக் காப்பகத்திடம் ஒப்படைத்ததும் அது வரலாற்றுச் செல்வமாயிற்று. நாடாக்கள் மாறவில்லை, கை மாறியது, அவ்வளவே.

நம் பகுதியில் இக்கடமைக்கு அவசரமும் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியே வந்து நம்மைக் குளிர்விக்கும் அதே சாரல் காற்று அலமாரிக்குள்ளும் நுழைகின்றது. ஒளிநாடா என்பது நெகிழிப் பட்டையின் மேல் காந்தத் துகள்களைப் பசையால் ஒட்டியது. ஈரம் அப்பசையைச் சிதைக்கும், பூஞ்சையையும் வளர்க்கும். கேசட்டின் சிறு சன்னல் வழியே நோக்கினால் நாடாவின் விளிம்பில் வெண்மையாக அது தெரியும். அதனைத் துடைக்காது டெக்கில் இட்டால் டெக்கின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். இயக்கும் கருவியும் புதிதாய் உற்பத்தியாவதில்லை. மவுத்தாகிவிட்ட தந்தையின் குரல், பேரப்பிள்ளைகள் காணாத பாட்டியாரின் முகம் ஆகியன எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட கேசட்டில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் அவை என்னவென்று அறியாது சாக்கில் கட்டிக் காயலான் கடைக்கு அனுப்புவதும் நடக்கின்றது. அலமாரியில் புதிதாய்ச் சேர்ப்பதற்கு முன், பழையதைத் தகுந்தவரிடம் தந்து வன்தட்டுக்கு மாற்றுதல் நன்று.

இணையவழிப் படத்தளங்களில் எல்லாம் கிடைக்கும்பொழுது சேமிப்பு எதற்கு என்று இளைஞர் கேட்பர். ஃபிக்ஹு 'மில்க்' என்றும் 'மன்ஃபஅத்' என்றும் பிரிக்கின்றது. முன்னது பொருளையே உடைமையாகக் கொள்ளல். பின்னது பயனை மட்டும் பெறல். திங்கள்தோறும் சந்தா கட்டுபவர் பெறுவது பயனை மட்டுமே. தளத்தார் நாளை அப்படத்தை நீக்கினால் கேள்வியில்லை. எண்முறைப் படத்துக்கு உரிமம் மட்டுமே தந்துவிட்டு, அதனை மறைத்து 'வாங்குக' என்று விற்கக்கூடாதென்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்ற நேர்ந்தது. 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பயன் மட்டும் உடையவர் இரவல் கொடுப்பது எங்ஙனம்? பிள்ளைக்கு விட்டுச்செல்வது எங்ஙனம்? கொடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கொடைக்கும் வழியில்லை. உடைமை வேண்டுவது பூட்டி வைப்பதற்கன்று, கொடுப்பதற்காகவே.

அடுத்த கைக்கு

தென்காசி, 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அவ்வூருக்குப் பெயர் தந்த காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அங்கு ஒரு கல்வெட்டு வெட்டி வைத்தான். பிற்காலத்தில் இதில் குறை நேர்ந்தால் அதனைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரைத் தான் பணிவதாக அதில் கூறியுள்ளான். முடிமன்னன் ஒருவன் இன்னும் பிறவாத, பெயரறியாத ஒருவருக்குத் தலைவணங்குகின்றான். வழிபாட்டில் நாம் வேறாயினும், இப்பண்பு நமக்கும் பாடமாகும். தான் கட்டியதும் தன் காலத்துக்குப் பின் பிறர் கையில்தான் வாழும் என்பதை அவன் அறிந்திருந்தான். நம் வக்ஃபு முறையின் உட்பொருளும் அதுவே.

ஆகவே அன்பர்களுக்கு நாம் சொல்லக் கூடியவை சிலவே. புதிதாய் வந்ததைச் சொல்லுங்கள், சொல்லும்பொழுதே அழையுங்கள். இரவல் கொடுத்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வாங்கியவரும் தவணை தவறாது திருப்புக. குடும்பப் பதிவுகளைத் தனித்தட்டில் வைத்து, யார் காணலாம் என்பதையும் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஆண்டையும், அதில் இருப்பவர் பெயரையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்; உங்களுக்குப் பின் அம்முகங்களை அடையாளம் சொல்ல எவரும் இல்லாது போகலாம். வீட்டையும் நிலத்தையும் பற்றி வஸிய்யத் எழுதுவோர், இவ்வலமாரி எவர் கைக்குப் போக வேண்டும் என்பதற்கும் ஒரு வரி சேர்த்து எழுதுவாராக.

சாரல் காலம் ஆண்டுதோறும் வரும், விருந்தினரும் வருவர். அலமாரியில் புதிதாய் எதுவும் சேராத ஆண்டிலும், திறந்து வைத்த கதவுக்கு முன் அமர ஆளிருந்தால் அவ்வீடு செல்வமுடையதே. கிடைத்ததை நன்றியோடு சொல்லவும், சொன்னதை மனமுவந்து கொடுக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக!